பசுவின் உடம்பிலும் ஒரு சீமைக்கருவேலங்காடு



மாட்டுச் சந்தைக்குப் போனால் என்ன பார்ப்பீர்கள்? பல் பார்ப்பீர்கள், சுழி பார்ப்பீர்கள், மடியையும் காலையும் தடவிப் பார்ப்பீர்கள். கூடவே, "தாய் எத்தனை லிட்டர் கறந்தது? எந்தக் காளைக்குப் பிறந்தது?" என்று ஒரு கேள்வியும் கேட்பீர்கள். கண்ணுக்குத் தெரிவதை வைத்து, உள்ளே மறைந்திருக்கிற வம்சத்தைக் கணிக்கிற வேலை அது.

அந்த வம்சம் மாட்டின் உடம்புக்குள்ளே எழுத்தாகவே இருக்கிறது. அதில் ஏறக்குறைய பாதி, ஒரே வாசகம் திரும்பத் திரும்ப எழுதினது. அந்தத் திரும்ப வரும் வாசகங்கள் எங்கிருந்து வந்தன, எப்படிப் பெருகின, அவற்றால் நமக்கு லாபமா நஷ்டமா என்பதுதான் இன்றைய பேச்சு. "இது படிச்சவங்க சமாச்சாரம், நமக்கு எதுக்குங்க?" என்று ஒதுக்கிவிடாதீர்கள். கன்றுக்குத் தகப்பன் எந்தக் காளை, பிறந்த குஞ்சு பெட்டையா சேவலா, செம்மறி ஆட்டுக்குச் சினை தங்குமா தங்காதா என்ற மூன்றுக்கும் இந்த வாசகங்களோடு சம்பந்தம் இருக்கிறது.

ஏட்டுக் கட்டில் என்ன இருக்கிறது?

மாட்டின் உடம்பு கோடிக்கணக்கான செல்களால் ஆனது. அநேகமாக ஒவ்வொரு செல்லுக்குள்ளும் டி.என்.ஏ. என்கிற நீளமான இழை இருக்கிறது. இரட்டைப் புரிக் கயிறு மாதிரி இரண்டு புரி சேர்ந்தது அது. ஏ, சி, ஜி, டி என்று நாலே நாலு எழுத்து. அந்த நாலு எழுத்தையும் மாற்றி மாற்றிக் கோத்துத்தான் கொம்பு, திமில், பால், தோல் எல்லாவற்றுக்கும் கட்டளை எழுதியிருக்கிறது.

மாட்டில் இந்த இழை 30 ஜோடிக் கட்டுகளாக இருக்கிறது. ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு கட்டு தாய் கொடுத்தது, இன்னொன்று தகப்பன் கொடுத்தது. ஒரு பக்கத்துக் கட்டுகளில் மட்டும் சுமார் 270 கோடி எழுத்துக்கள். இந்த ஏடு முழுவதையும் வாசித்து 2009-ம் வருஷம் வெளியிட்டார்கள். 25 நாடுகளைச் சேர்ந்த 300-க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகள் கூடிச் செய்த வேலை அது. வாசிப்பதற்கு எடுத்துக்கொண்டது ஹெர்போர்டு இனத்துப் பசு ஒன்று.

வாசித்துப் பார்த்தால், கட்டளை என்று சொல்லத்தக்க மரபணுக்கள் சுமார் 22,000 இருந்தன. ஆனால் புரதம் செய்யச் சொல்லும் எழுத்துக்கள் மொத்த ஏட்டில் நூற்றுக்கு இரண்டு பங்குகூட இல்லை. திரும்பத் திரும்ப வரும் வாசகங்களோ பாதியை அடைத்துக்கொண்டிருந்தன. 20 ஏக்கர் பூமி வைத்திருக்கிறவர் அரை ஏக்கருக்கும் குறைவாக நெல் நட்டு, 10 ஏக்கரைப் புதருக்கு விட்டிருந்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது.

இந்தச் சங்கதி 2009-க்கு வெகு முன்பே ஒரு கன்றுக்குட்டியின் டி.என்.ஏ.வில் தெரிந்துவிட்டது. 1968-ல் அமெரிக்காவில் ராய் பிரிட்டன், டேவிட் கோனே என்ற இரண்டு பேர் கன்றின் டி.என்.ஏ.வைச் சூடாக்கினார்கள். இரண்டு புரியும் பிரிந்தது. பிறகு ஆறவிட்டார்கள். பிரிந்த புரிகள் தங்கள் ஜோடியைத் தேடி மறுபடி ஒட்டிக்கொண்டன. அதில் ஒரு பகுதி மட்டும் வெகு சீக்கிரம் ஒட்டிக்கொண்டது. ஏன்? பழனிக்குப் பாதயாத்திரை போகிற கூட்டத்தில் சொந்தத் தம்பியைத் தேடுகிறவனுக்கு நேரமாகும். பச்சை வேட்டி கட்டிய யாராவது ஒருத்தர் கிடைத்தால் போதும் என்கிறவனுக்கு உடனே ஆள் கிடைத்துவிடும். சீக்கிரம் ஜோடி சேர்ந்த பகுதி, ஒரே மாதிரி ஆயிரக்கணக்கில் இருக்கிற பகுதி என்று அவர்கள் கண்டுகொண்டார்கள்.

இரண்டு வகை

திரும்ப வரும் வாசகங்களில் இரண்டு பெரிய வகை உண்டு.

முதல் வகை, வரிசை நாற்று நட்டது போல அடுத்தடுத்து வருவது. சி-ஏ, சி-ஏ, சி-ஏ என்று இரண்டே எழுத்து பத்து இருபது தடவை தொடர்ந்து வரும். இதைவிட நீளமான வாசகங்களும் இப்படி அடுக்கடுக்காக வருவதுண்டு.

இரண்டாவது வகை, காற்றில் பறந்த விதை மாதிரி ஏடு முழுக்கச் சிதறிக் கிடப்பது. இந்த வாசகம் தன்னைத் தானே நகல் எடுத்துக்கொள்ளும். அந்த நகல் வேறோர் இடத்தில் போய்ச் செருகிக்கொள்ளும். பிறகு அந்த நகலிலிருந்தும் நகல் கிளம்பும். இடம் விட்டு இடம் தாவும் மரபுக்கூறுகள் உண்டு என்பதை முதன்முதலில் மக்காச்சோளத்தில்தான் கண்டார்கள். ஒரே கதிரில் பல நிற மணிகள் வருவதை ஆராய்ந்த பார்பரா மெக்ளின்டாக் என்ற அம்மையார் 1940-களில் இதைக் கண்டு சொன்னார். ரொம்ப நாள் பலர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கடைசியில் 1983-ல் அதற்காகவே நோபல் பரிசு கொடுத்தார்கள்.

பாம்புக்கும் பசுவுக்கும் என்ன உறவு?

மாட்டின் ஏட்டில் சிதறிக் கிடக்கிற வாசகங்களில் ஒன்றுக்குப் போவ்-பி என்று பெயர். அதுவும் அதை ஒட்டிப் பெருகின சிறு வாசகங்களும் சேர்ந்து மாட்டின் ஏட்டில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு வரும் என்று ஒரு கணக்கு உண்டு. ஆச்சரியம் என்னவென்றால், இதே வாசகம் பாம்பிலும் ஓணான் வர்க்கத்திலும் இருக்கிறது. பாலூட்டிகளும் ஊர்வனவும் பிரிந்து 30 கோடி வருஷத்துக்கு மேலாகிறது. அப்போதிருந்து பரம்பரையாக வந்திருந்தால் இதற்குள் இரண்டும் அடையாளம் தெரியாமல் தேய்ந்து மாறியிருக்க வேண்டும். ஆனால் எதிர்பார்த்ததைவிட வெகு நெருக்கமாக இருந்தன. ஆகவே இது தாய் தகப்பன் வழியாக வந்ததல்ல, குறுக்கு வழியில் ஒரு பிராணியிலிருந்து இன்னொரு பிராணிக்கு வந்தது என்று ஸ்லோவேனியா நாட்டு விஞ்ஞானிகள் 1998-ல் எழுதினார்கள்.

எப்படி வந்திருக்கும்? 2013-ல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் ஊர்வனவற்றின் ரத்தம் குடிக்கிற உண்ணிகளைச் சோதித்தார்கள். அந்த உண்ணிக்குள்ளும் போவ்-பி இருந்தது! ஒரு பிராணியின் ரத்தத்தைக் குடித்த உண்ணி இன்னொன்றின் மேல் ஏறும்போது இந்த வாசகமும் கூடவே போயிருக்கலாம் என்று உண்ணியின் மேல் சந்தேகப்படுகிறார்கள்.

நமக்கு இது புதிய கதையா? சீமைக்கருவேல் எப்படி வந்தது? வெளிநாட்டிலிருந்து வந்த மரம்தான். நெற்றைத் தின்ற ஆடு போட்ட புழுக்கையில் விதை ஊர் ஊராகப் போனது. ஏரி, கண்மாய், புறம்போக்கு எல்லாம் அதுவே ஆகிவிட்டது. போவ்-பி மாட்டுக்குள் வந்த கதையும் அதே மாதிரிதான். ஒரு வாசகம் எப்படியோ உள்ளே வந்தது. பிறகு தானே பெருகிக் காடாகிவிட்டது.

இங்கே ஒரு விளக்கம் சொல்லிவிட வேண்டும். இப்படி இடம் மாறுவது கோடிக்கணக்கான வருஷத்தில் எப்போதோ நடக்கிற காரியம். இன்றைக்கு உங்கள் மாட்டில் ஒட்டியிருக்கிற உண்ணி, பாம்பின் குணத்தைக் கொண்டுவந்து விடுமோ என்று பயப்பட வேண்டாம். உண்ணியால் வருகிற நஷ்டம் ரத்தச் சோகையும் உண்ணிக் காய்ச்சலும்தான். அதற்காகத்தான் உண்ணியை ஒழிக்க வேண்டும்.

எந்த விதை தங்கும்?

இப்படி நகல் பெருகிக்கொண்டே போனால் மாடு பிழைக்குமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி.

செல் சும்மா இருப்பதில்லை. நகல் எடுக்கிற வாசகங்களின் மேல் ஒரு ரசாயனப் பூட்டைப் போட்டு அடக்கி வைக்கிறது. தவிர, காலம் செல்லச் செல்ல ஒவ்வொரு நகலிலும் எழுத்துப் பிழை சேருகிறது. கல்வெட்டு தேய்வது போலத் தேய்ந்து, பெரும்பாலான நகல்கள் மறுபடி நகல் எடுக்கும் சக்தியை இழந்துவிடுகின்றன. எழுத்துப் பிழை எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று பார்த்து, எந்த நகல் பழையது, எது புதியது என்றுகூடக் கணக்குச் சொல்கிறார்கள்.

அடுத்து, விழுந்த இடம் முக்கியம். உயிருக்கு வேண்டிய மரபணுவின் நடுவில் ஒரு நகல் செருகிக்கொண்டால் அந்தக் கன்று கருவிலேயே போய்விடலாம். அதோடு அந்த நகலும் போயிற்று. யாருக்கும் தொந்தரவில்லாத இடத்தில் விழுந்தால் வம்சம் வம்சமாகச் சும்மா கிடக்கும். எப்போதோ ஒன்று பயன்படுகிற இடத்தில் விழுந்துவிடுகிறது. அதைச் சுமக்கிற பிராணி நன்றாகப் பெருக, அந்த நகலும் கூடவே பெருகும்.

1972-ல் சுசுமு ஓனோ என்ற விஞ்ஞானி, ஏட்டின் பெரும்பகுதி குப்பை என்று எழுதினார். அதில் உண்மை இல்லாமல் இல்லை. இந்த நகல்களில் அநேகம் ஒரு வேலையும் செய்வதாகத் தெரியவில்லை. ஆனாலும் குப்பை என்று மொத்தமாகத் தள்ளிவிட முடியாது என்பதற்குச் செம்மறி ஆடு ஒரு சாட்சி.

திருடன் காவல்காரன் ஆன கதை

செம்மறி ஆட்டுக்கு வைரஸால் ஒரு நுரையீரல் புற்றுநோய் வருவதுண்டு. அந்த வைரஸின் பழைய உறவினர்கள் எப்போதோ ஆட்டின் ஏட்டுக்குள்ளேயே புகுந்து நிலைத்துவிட்டார்கள். குறைந்தது 27 இடத்தில் அந்த வாசகம் இருக்கிறது. தாயிடமிருந்து குட்டிக்குச் சொத்து மாதிரி இறங்கி வருகிறது.

2006-ல் அமெரிக்காவில் சினையாடுகளுக்குள் இந்த வாசகம் செய்கிற ஒரு புரதத்தை மட்டும் தடுத்துப் பார்த்தார்கள். கருவைச் சுற்றி வளர வேண்டிய நஞ்சுக்கொடித் திசு குன்றிப்போய், சினை கலைந்துவிட்டது! நோய் கொண்டுவந்த சாதியைச் சேர்ந்த வாசகம் இல்லாமல் இன்றைக்கு ஆட்டுக்குக் குட்டி தங்குவதில்லை. அது மட்டுமல்ல. இந்த நகல்களில் சில, வெளியிலிருந்து வருகிற அதே வைரஸ் செல்லை விட்டு வெளியேறாதபடி மறித்துவிடுகின்றன. திருடன் கையிலேயே சாவியைக் கொடுத்த கதை இங்கே நல்லபடியாக முடிந்திருக்கிறது.

இன்னொரு பயனும் கிடைத்தது. ஒரு தடவை செருகிக்கொண்ட இந்த வாசகம் லேசில் வெளியேறாது. மாட்டுக்குச் சூடு போட்ட தழும்பு மாதிரி வம்சத்தில் நிலைத்துவிடும். எந்த ஆட்டு இனத்தில் எந்தத் தழும்பு இருக்கிறது என்று ஒப்பிட்டு, மனிதன் பழக்கிய ஆடுகள் எந்த வழியாக உலகமெங்கும் பரவின என்று 2009-ல் ஓர் ஆராய்ச்சியில் கண்டறிந்தார்கள்.

கோழியில் லாபமும் நஷ்டமும்

கோழியின் ஏடு சிறியது. சுமார் 100 கோடி எழுத்துத்தான். திரும்ப வரும் வாசகமும் மாட்டைவிட வெகு குறைச்சல். ஆனாலும் ஒரு நகல் எங்கே விழுந்தது என்பதால் என்ன ஆகும் என்று காட்டக் கோழிதான் நல்ல உதாரணம்.

தென் அமெரிக்காவில் சிலி நாட்டு மாபுச்சே மக்கள் வளர்க்கிற கோழி நீல நிற முட்டை இடும். சீனாவிலும் சில நாட்டுக்கோழிகள் அப்படி இடும். காரணம் 2013-ல் தெரிந்தது. பழைய வைரஸ் வாசகம் ஒன்று ஒரு மரபணுவுக்குப் பக்கத்தில் செருகிக்கொண்டு, முட்டை ஓடு உண்டாகும் இடத்தில் அந்த மரபணுவைத் தட்டி எழுப்பிவிட்டது. பித்தத்தில் உள்ள பச்சை நிறமி ஓட்டில் இறங்க ஆரம்பித்தது. சிலியிலும் சீனாவிலும் இது தனித்தனியாக, இரண்டு தடவை நடந்திருக்கிறது. அழகு பார்த்து மனிதன் அந்தக் கோழிகளைப் பெருக்கினான். மாறினது ஓட்டின் நிறம்தான். நிறத்தால் சத்துக் கூடிவிடாது. நீல முட்டை இடும் குஞ்சு என்று யாராவது அதிக விலை சொன்னால் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது இறகு. குஞ்சு பொரிப்பகத்தில் ஒரு நாள் குஞ்சின் சிறகை விரித்துப் பார்த்தே பெட்டை, சேவல் பிரிக்கிற முறை இருக்கிறது. தாமதமாக இறகு முளைக்கும் சாதிப் பெட்டையோடு, சீக்கிரம் முளைக்கும் சாதிச் சேவலைச் சேர்ப்பார்கள். பிறக்கிற குஞ்சில் பெட்டைக்கெல்லாம் இறகு சீக்கிரம் வரும், சேவலுக்குத் தாமதமாக வரும். சுலபமான வழி. ஆனால் அந்தத் தாமத இறகுக் கூறோடு ஒட்டிக்கொண்டு ஈ.வி. 21 என்கிற வைரஸ் வாசகம் உட்கார்ந்திருக்கிறது. 1980-களில் இதன் நஷ்டம் தெரியவந்தது. தாய்க்கோழி இந்தச் சாதுவான வைரஸை முட்டை வழியாகக் குஞ்சுக்குக் கொடுத்துவிடுகிறது. குஞ்சின் உடம்பு அதை "நம்ம ஆளு" என்று ஏற்றுக்கொள்கிறது. பிறகு அதே சாடையில் லூக்கோசிஸ் என்கிற நிஜமான புற்றுநோய் வைரஸ் வந்தால், உடம்பு எதிர்த்து நிற்பது குறைந்துபோகிறது. லூக்கோசிஸுக்கு மருந்தும் கிடையாது, தடுப்பூசியும் கிடையாது. தாய்க்கோழிகளைச் சோதித்து நோயுள்ளதை விலக்குவதுதான் வழி.

பாருங்கள், ஒரு சௌகரியத்துக்காகத் தேர்ந்தெடுத்தோம். பக்கத்தில் இருந்த வாசகமும் சேர்ந்து வந்துவிட்டது. காட்டில் இருந்தவரை எந்த நகல் தங்குவது, எது ஒழிவது என்று காடு தீர்மானித்தது. பட்டியில் அடைத்த பிறகு, எந்தக் காளையை விடுவது, எந்தச் சேவலை நிறுத்துவது என்று தீர்மானிக்கிறவர் நீங்கள். உங்கள் கையில்தான் அந்த வாசகங்களின் பிழைப்பும் இருக்கிறது.

தகப்பன் யார்?

முதலில் சொன்ன வரிசை நாற்று வகைக்கு இப்போது வருவோம். களத்தில் நெல் அளக்கிறவர் "லாபம், ரெண்டு, மூணு" என்று எண்ணிக்கொண்டே அளப்பார். யாராவது பேச்சுக் கொடுத்தால் ஒரு மரக்கால் கூடும் அல்லது குறையும். சி-ஏ, சி-ஏ என்று வருகிற வாசகத்தை நகல் எடுக்கும்போதும் செல்லுக்கு இப்படிக் கணக்குத் தவறுவதுண்டு. 12 தடவை இருந்தது 13 ஆகும், அல்லது 11 ஆகும். அதனால்தான் ஒரே இடத்தில் ஒரு மாட்டுக்கு 12, இன்னொரு மாட்டுக்கு 18 என்று எண்ணிக்கை வேறுபடுகிறது.

ஒரு கன்றுக்கு 15-ம் 18-ம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தாய்க்கு 12-ம் 15-ம். அப்போது 15 தாய் கொடுத்தது. 18 தகப்பன் கொடுத்தது. ஒரு காளைக்கு 14-ம் 16-ம் என்றால் அது தகப்பனாக இருக்க வாய்ப்பில்லை. இன்னொன்றுக்கு 18-ம் 20-ம் என்றால் இருக்கலாம். ஓர் இடத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டார்கள். பத்துப் பன்னிரண்டு இடங்களுக்குக் குறையாமல் ஒப்பிடுவார்கள். கொஞ்சம் ரத்தமோ, வேரோடு பிடுங்கின மயிரோ இருந்தால் போதும். இப்போது ஒற்றை எழுத்து வேறுபாடுகளை ஆயிரக்கணக்கில் பார்க்கிற முறையும் வந்துவிட்டது.

இதனால் என்ன என்கிறீர்களா? ஒரு பொலிகாளை நல்லதா என்று அதன் மகள்கள் கறக்கிற பாலை வைத்துச் சொல்கிறார்கள். மகள் என்று எழுதினதில் பாதி வேறு காளைக்குப் பிறந்தது என்றால் அந்தக் கணக்கே பொய். சாதாரணக் காளையை உசத்தியாக்கி, அதன் சினை ஊசியை ஊரெல்லாம் போட்டுவிடுவோம். நம் நாட்டு மாட்டினங்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருக்கம், ஓர் இனத்துக்குள் வேறுபாடு எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று அளக்கவும் இந்த எண்ணிக்கைதான் உதவியிருக்கிறது. 1984-ல் தொடங்கி, இப்போது ஹரியானா மாநிலம் கர்னாலில் இயங்குகிற தேசிய விலங்கு மரபு வளப் பணியகம் இந்த வேலையைச் செய்துவந்திருக்கிறது. நம் காங்கேயம் மாட்டையும் இப்படி ஆராய்ந்திருக்கிறார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது

சினை ஊசி போடும்போது உறைவிந்துக் குச்சியின் மேல் காளையின் எண் அச்சிட்டிருக்கும். அந்த எண்ணையும் தேதியையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். முடிந்தால் குச்சியையே பத்திரப்படுத்துங்கள்.

அந்தக் காளைக்குப் பிறந்த கிடாரி பருவத்துக்கு வரும்போது, அதே காளையின் விந்தை மறுபடி போட்டுவிடாதீர்கள். ஆட்டுக் கிடாவையும் மாற்றிக்கொண்டே இருங்கள். மந்தைக்குள்ளேயே வருஷக்கணக்கில் புழங்கினால் ஏட்டில் மறைந்திருக்கிற கெடுதல்கள் ஜோடி சேர்ந்து வெளியே வரும்.

குஞ்சு வாங்கும்போது இறகும் நிறமும் மட்டும் பார்க்காமல், தாய்க்கோழிக் கூட்டத்துக்கு லூக்கோசிஸ் சோதனை உண்டா என்று கேளுங்கள். கேட்கிறவர் நாலு பேர் ஆனால் விற்கிறவரும் கவனமாக இருப்பார்.

சுத்தமான நாட்டினம் வைத்திருக்கிறவர்கள் அதை அவசரப்பட்டுக் கழித்துவிட வேண்டாம். அதன் ஏட்டில் எத்தனையோ ஆயிரம் வருஷத்து நகல்களும் தழும்புகளும் எண்ணிக்கைகளும் சேர்ந்திருக்கின்றன. எது பதர், எது மணி என்று முழுவதும் தூற்றிப் பார்த்து முடியவில்லை. தூற்றி முடிப்பதற்குள் களத்தைக் கூட்டித் தள்ளுகிற சம்சாரி உண்டா?